குவான்சோவில் ஒரு நாள்: கோயில்களையும் அருங்காட்சியகத்தையும் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சீனா போகிறேன் என்று சொன்னாலே பெய்ஜிங், ஷாங்காய் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சீனாவில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அந்த நாளை ஃபூஜியான் மாகாணத்தில் கடலோரம் இருக்கும் குவான்சோ ஊருக்குக் கொடுக்கச் சொல்வேன். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் ஜைத்தூன் என்று எழுதி வைத்த பழைய துறைமுகம் இதுதான். அந்தப் பெயர் வந்தது ஊரெங்கும் நட்டிருந்த ஒரு மரத்தால். சீனத்தில் அதற்கு ‘ச்சிதோங்’ என்று பேர், நம் ஊரில் வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கைதான் அது. 2021இல் யுனெஸ்கோ இங்கே 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு நாளில் அத்தனையையும் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். நான் சொல்லும் வரிசையில் ஐந்தாறு இடம் போதும்.

படி 1: கிளம்பும் முன்

முதலில் கிழமை. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதனால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலும் சீனப் புத்தாண்டு சமயத்திலும் ஊர் முழுக்க உள்நாட்டுப் பயணிகள். நவம்பர், டிசம்பர் இதமாக இருக்கும். கோடையில் வெயிலோடு புயலும் சேர்ந்துகொள்ளும்.

சியாமென் நகரத்தில் தங்கினால் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும், ஆகவே அசல் பாஸ்போர்ட் பையிலேயே இருக்கட்டும். அலிபே செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் தள்ளுவண்டிக்காரர்கூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். கூகுள் மேப்பை நம்ப வேண்டாம், அமாப் என்ற சீன வரைபடச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், போக வேண்டிய இடங்களின் பெயர்களை விடுதி வரவேற்பில் சொல்லிச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் உச்சரிப்பில் சொன்னால் டாக்ஸிக்காரருக்குப் புரியாது, தாளைக் காட்டினால் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

படி 2: மேற்குத் தெருவில் காலைச் சாப்பாடு

எட்டு மணிக்குள் மேற்குத் தெருவுக்கு வந்துவிடுங்கள். பழைய செங்கல் வீடுகளும் சின்னச் சின்னக் கடைகளுமாக நீளும் தெரு. மெல்லிய சேமியாவைக் கூழ்போல் வேக வைத்துத் தரும் ‘மியான்சியான் ஹு’ இங்கே எல்லோருடைய காலை உணவும். அதில் கடல் உணவோ பன்றி இறைச்சியோ இருக்கும். சைவம் என்றால் இனிப்பு வேர்க்கடலைச் சூப் கேளுங்கள், முட்டை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ‘வோ ச்சர் சூ’, நான் சைவம், இந்த மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் நாள் முழுக்க உதவும்.

படி 3: கையுவான் கோயில், பின்பக்கத்தை மறக்காமல்

கட்டணம் இல்லை. 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில். ஒருவருடைய முசுக்கொட்டைத் தோட்டத்தில் மரங்கள் வெள்ளைத் தாமரையாகப் பூத்ததாகவும், அவர் அந்த நிலத்தையே கோயிலுக்குக் கொடுத்ததாகவும் கதை. மின்னல் தாக்கி மூன்றாகப் பிளந்த பழைய முசுக்கொட்டை மரம் ஒன்று இன்னும் உள்ளே தழைத்து நிற்கிறது.

உள்ளே போகும்போது வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும், நமக்குப் பழகியதுதான். புத்தர் சன்னிதிக்குள் படம் எடுக்காதீர்கள்.

பிரதான மண்டபத்துக்கு முன்னால் ஒரு உயர்ந்த மேடை இருக்கிறது. எல்லோரும் நிமிர்ந்து கூரையைப் பார்க்கும் இடத்தில் நீங்கள் குனிந்து மேடையின் அடிப்பகுதியைப் பாருங்கள். மனித முகம் கொண்ட சிங்கங்களும் தனிச் சிங்கங்களுமாக எழுபதுக்கும் மேற்பட்ட கல் பலகைகள் வரிசையாகப் பதித்திருக்கும். இவை இந்தக் கோயிலுக்காகச் செய்தவை அல்ல. மங்கோலியர் சீனாவை ஆண்ட யுவான் காலத்தில் இந்த ஊரில் இருந்து, பிறகு இடிந்துபோன ஒரு இந்துக் கோயிலின் கற்கள் இவை. அதற்கு அடுத்து வந்த மிங் அரச மரபின் காலத்தில் இந்த மண்டபத்தைப் பழுது பார்த்தபோது கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இனி மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். முதல் தடவை நான் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன், இரவு விடுதியில் படங்களைப் பார்க்கும்போதுதான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்து, மறுநாள் காலை இதற்காகவே திரும்ப ஓடினேன். நடு வாசலை ஒட்டி இரண்டு தூண்கள், பதினாறு பட்டை, பச்சையும் கறுப்பும் கலந்த கல். நம் மண்டபத் தூண்களில் வருவதுபோலவே பட்டை, இடையில் சதுரம், மறுபடி பட்டை. ஒவ்வொரு சதுரத்தின் முகத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு கதை. இடுப்பில் உரலோடு குழந்தைக் கண்ணன் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே. இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர். சில வட்டங்களில் சீனத்து மங்கலச் சின்னங்களும் உண்டு. அவசரப்படாமல் ஒவ்வொரு தூணையும் மேலிருந்து கீழாக, ஒரு முகத்தை முடித்து அடுத்த முகம் என்று பாருங்கள். இருபது நிமிடமாவது வேண்டும். உள்ளூர்க்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், உரல் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது, பாட்டி சொன்ன கதையாக உங்களுக்குத் தெரியும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மண்டபத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கல் கோபுரங்கள், எட்டுப் பட்டை, ஐந்து நிலை. 13ஆம் நூற்றாண்டில் கல்லில் கட்டியவை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர் உயரம். மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் வாள் ஏந்திய குரங்கு வீரன் ஒருவன் இருக்கிறான். போன் கேமராவில் பெரிதாக்கினால்தான் தெரிவான்.

படி 4: அதே வளாகத்தில் ஒரு கப்பல்

கிழக்குப் பக்கம் ஒரு கட்டடத்தில், யுவானுக்கு முந்தைய சோங் அரச மரபின் காலத்து மரக்கப்பல் இருக்கிறது. 1974இல் ஊருக்கு அருகே ஹோசூ துறைமுகச் சேற்றில் தோண்டி எடுத்தார்கள். எஞ்சியிருப்பதே 24 மீட்டர் நீளம். பலகைத் தடுப்புகளால் 13 அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தப்பும். உள்ளே கிடைத்தவை வாசனை மரக்கட்டைகள், சாம்பிராணி, மிளகு, பாக்கு. தூண்களைப் பார்த்த கையோடு இதையும் பாருங்கள், அந்தக் கதைகள் எப்படிப்பட்ட கப்பல்களில் ஏறி இந்த ஊருக்கு வந்திருக்கும் என்று கண்ணுக்கு முன்னால் தெரியும்.

படி 5: துமென் தெரு

பதினொரு மணிவாக்கில் டாக்ஸி பிடித்துத் துமென் தெருவுக்கு வாருங்கள். இங்கே பள்ளிவாசலும் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ச்சிங்ஜிங் பள்ளிவாசல் 1009இல் கட்டியது, சிறிய தொகைக்கு டிக்கெட் வாங்க வேண்டும். பழைய தொழுகைக் கூடத்துக்கு இப்போது கூரை கிடையாது. கருங்கல் சுவரும் அரபுக் கல்வெட்டும், மேலே வானமும்தான்.

ஒட்டி இருக்கும் குவான்யுவே கோயிலில் ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும் அளவுக்குக் கூட்டம். அங்கே மக்கள் கையில் பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகள் வைத்திருப்பார்கள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. மனத்தில் கேள்வியை நினைத்துக் கீழே போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் பூப்போட்டுப் பார்ப்பதேதான். ஓரமாக நின்று பாருங்கள், குறுக்கே போகாதீர்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

கால் வலிக்கவில்லை என்றால் தெற்கே தியான்ஹோ கோயில், கடல் தெய்வமான மாட்ஸு அம்மனுக்கு 1196இல் எழுப்பியது. பின்பக்கச் சன்னிதியிலும் அதே மாதிரித் தூண்கள் இரண்டு உண்டு. நேரம் இல்லையா, விட்டுவிடுங்கள், பிற்பகலைக் குறைக்காதீர்கள்.

படி 6: கடல்சார் அருங்காட்சியகம்

பகல் சாப்பாட்டை முடித்து இரண்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். கட்டணம் இல்லை, பாஸ்போர்ட் காட்ட வேண்டும். கப்பல் மாதிரிகள் உள்ள தளத்தில் மணிக்கணக்கில் நிற்கத் தோன்றும், ஆனால் முதலில் சமயக் கல்வேலைகள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள். அரபு எழுத்தில் கல்லறைக் கற்கள், தாமரை மேல் சிலுவை செதுக்கிய கிறிஸ்தவக் கற்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இந்துப் பகுதியில் நான்கு கை விஷ்ணு நிற்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பலகை: நடுவில் லிங்கம், பக்கத்தில் ஒரு யானை துதிக்கையால் பூ சாத்துகிறது. திருவானைக்காவல் போயிருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பசு ஒன்று லிங்கத்தின் மேல் பால் சொரியும் பலகையும் இந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கிறது.

இவற்றைச் ‘சோழர் கோயில்’ என்று நம் ஆட்கள் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1956இல் இந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, கடைசியில் ஒரு வரி சீனத்தில். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலனுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. சீனத்தில் அப்போது குப்லாய் கான் ஆட்சி. தமிழ்நாட்டில் சோழர் காலம் முடிந்து பாண்டியர் கை ஓங்கிவிட்டது. ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் 1015இல் சோங் அரசவையை அடைந்தது உண்மைதான், ஆனால் இந்தக் கல்லை வெட்டச் செய்தது அரசன் இல்லை, இங்கேயே வாழ்ந்த ஒரு தமிழர். அது இன்னும் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அசல் கல்வெட்டு சியாமென் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சியாமென் வழியாகத் திரும்புகிறவர்கள் பார்க்க முயலலாம்.

ஐந்து மணிக்குப் பக்கம் மூடத் தொடங்கிவிடுவார்கள்.

படி 7: சாயங்காலம்

திரும்பவும் மேற்குத் தெருவுக்கே வாருங்கள். ‘ஷர்ஹுவா காவ்’ என்று கடற்பாசியில் செய்த குளிர்ந்த ஜெல்லி கிடைக்கும், நம் கடற்பாசியேதான், தேன் ஊற்றித் தருவார்கள், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகும். தலையில் வட்டமாகப் பூ சுற்றிய பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பக்கத்து சுன்பூ மீனவக் கிராமத்துப் பழக்கம் அது, இப்போது வெளியூர்ப் பெண்களும் கடையில் காசு கொடுத்துச் சூடிக்கொள்கிறார்கள். இருட்டியதும் இரண்டு கோபுரங்களுக்கும் விளக்குப் போடுவார்கள். தெருவில் மாடிக் காபிக் கடைகள் பல உண்டு, ஏதாவது ஒன்றில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, திரும்புவதாக இருந்தால் ரயில் நேரத்துக்கு ஒன்றே கால் மணி முன்பே டாக்ஸியில் ஏறிவிடுங்கள்.