பாட நேரத்தில் பிள்ளைகள் வெளியே போவதைக் குறைப்பது எப்படி? புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கு

"மிஸ், பாத்ரூம் போகட்டுமா?"
"சார், இந்த சர்க்குலர்ல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க."
"டீச்சர், ஆறாம் வகுப்புல டஸ்டர் கேட்டாங்க."

நம் அரசுப் பள்ளிகளில் ஒரு பீரியடுக்குள் இந்த மூன்றும் கேட்பது சாதாரணம். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள், 1000 மணி நேரக் கற்பித்தல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தினமும் 10 நிமிடம் வெளியே இருந்தால் ஆண்டுக்கு 2,200 நிமிடம் போகிறது. 45 நிமிட பீரியடாகப் பிரித்தால் கிட்டத்தட்ட 49 பீரியட். வாரத்துக்கு ஐந்து கணக்கு பீரியட் என்றால், பத்து வாரக் கணக்குப் பாடம்.

இதைக் குறைக்கப் பணம் வேண்டாம், புது உத்தரவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகள் தாங்களாகக் கேட்டுப் போவதை விட, பெரியவர்களான நாம் அனுப்பிவைப்பதுதான் பல பள்ளிகளில் அதிகம். அதனால் வேலையை நம் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

கதவோரம் ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விடுங்கள். பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம் என நான்கு கட்டம் போதும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். அதற்குக் கீழே நீங்கள் ஒரு கோடு போட்டால் சரி.

"இது உங்களைப் பிடிக்க இல்லை, எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த வாரத்தில் யாரையும் தடுக்கவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். தடுத்தால் நோட்டில் பொய் நேரம்தான் ஏறும்.

வார முடிவில் காரணங்களை மட்டும் பார்க்காமல் பெயர்களையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வகைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒன்று, பொறுப்பான பிள்ளை. லீடர், கையெழுத்து நன்றாக இருப்பவர், சொன்னதைச் சரியாகச் செய்பவர். எல்லா ஆசிரியர்களும் அதே பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். இன்னொன்று, பாடம் புரியாத பிள்ளை. வாய்விட்டு வாசிக்கும் முறை தன்னிடம் வரும்போது சரியாக எழுந்து "பாத்ரூம்" என்பார். அவருக்குத் தேவை தடை இல்லை. வாசிப்பில் உதவி, அதுவும் நாலு பேர் முன்னால் இல்லாமல்.

இரண்டாம் படி: நம் வேலைகளை நிறுத்துவது

பீரியட் நடக்கும்போது பிள்ளைகளை அனுப்பும் வேலைகளைப் பட்டியல் போடுங்கள். சாக்பீஸ் எடுத்து வர, வருகைப் பதிவேட்டைக் கொடுத்துவர, சத்துணவு சாப்பிடுபவர்கள் எண்ணிக்கையைச் சொல்லிவர, டீ வாங்கிவர, ஆதார் நகல் தராதவர்களை ஆபீசுக்குக் கூட்டிவர, புது நோட்டுக் கட்டுகளை இறக்கிவைக்க... பட்டியல் நீளும்.

இதில் பாதி, முன்கூட்டி யோசித்தால் மறைந்துவிடும். ஒவ்வொரு வகுப்பு மேசையிலும் ஒரு டப்பா சாக்பீஸ், ஒரு டஸ்டர் இருக்கட்டும். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் லீடர் நிரப்பிவிடுவார். சத்துணவு எண்ணிக்கையை முதல் பீரியட் தொடங்கும் முன் வருகையோடு சேர்த்து எடுத்துவிடலாம். சுற்றறிக்கைக்கு வகுப்பு வகுப்பாக நோட்டை அனுப்பாமல், ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டி இன்டர்வெல்லில் கையெழுத்து வாங்கலாம். ஆதார், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விவரங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையை ஒதுக்கச் சொல்லி ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். டீ வாங்க பிள்ளையை அனுப்புவதை அடியோடு விட்டுவிட வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை.

புதிதாக வந்த நீங்கள் இதை ஸ்டாஃப் மீட்டிங்கில் சொல்லத் தயங்கலாம். உங்கள் வகுப்பு நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். யாரையும் குறை சொல்லாமல் "ஒரு வாரத்தில் என் வகுப்பில் இவ்வளவு நேரம் போயிருக்கிறது" என்று மட்டும் காட்டுங்கள். மூத்த ஆசிரியர்கள் பலரும் தங்கள் வகுப்பிலும் அப்படித்தான் என்பார்கள். பேச்சு அங்கிருந்து தானாக நகரும்.

மூன்றாம் படி: கழிப்பறை

இங்கேதான் நிதானம் வேண்டும். அவசரத்தில் கேட்கும் பிள்ளையை ஒருபோதும் மறுக்காதீர்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்த பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். மறுத்துவிடுவார்களோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் இன்டர்வெல் கணக்கைப் பாருங்கள். 200 பெண் பிள்ளைகள், நான்கு கழிப்பறை, 10 நிமிட இன்டர்வெல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றாலே 20 பேர்தான் போய்வர முடியும். மற்றவர்களில் பலர் பாட நேரத்தில் கேட்பது ஒழுங்கீனம் இல்லை, வேறு வழியில்லாமல். அதனால் எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் பெல் அடிக்காமல், 6, 7 வகுப்புகளுக்கு ஒரு நேரம், மற்றவர்களுக்கு 10 நிமிடம் தள்ளி இன்னொரு நேரம் என்று பிரிக்க முடியுமா என ஹெச்.எம்.மிடம் பேசுங்கள். கூடவே, தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் காவலுக்குத் தோழியையும் கூட்டிப் போவார்கள், ஒருவர் நேரம் இருவர் நேரமாகிவிடும்.

வகுப்புக்குள் அட்டை முறை நன்றாக வேலை செய்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என இரண்டு அட்டைகளைக் கதவோரம் தொங்க விடுங்கள். போக வேண்டியவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நோட்டில் எழுதிவிட்டுப் போகலாம். எழுந்து நின்று கேட்க வேண்டாம், பாடமும் நிற்காது. அட்டை வெளியே இருந்தால் அடுத்தவர் காத்திருப்பார், ரொம்ப அவசரம் என்றால் உங்களிடம் வந்து சொல்லலாம். மாதவிடாய் நாட்களில் அட்டையே தேவையில்லை, நேரமும் எழுத வேண்டாம் என்று பெண் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

ஒரே பிள்ளை நாளுக்குப் பல முறை போனால் பெற்றோரிடம் பேசுங்கள். அது உடம்பு சொல்லும் செய்தியாகவும் இருக்கலாம்.

நான்காம் படி: தண்ணீர்

பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும், தாகம் எடுத்தால் குடிக்கட்டும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கும் பழக்கம் வந்தது. நீங்கள் மணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பீரியடின் முடிவிலும் "ஒரு வாய் குடிங்க" என்று சொன்னால் போதும்.

ஐந்தாம் படி: வெளியே நிறுத்துவதை விடுங்கள்

வீட்டுப்பாடம் எழுதாதவர், பேசியவர், தாமதமாக வந்தவர் என்று வராந்தாவில் நிற்கும் பிள்ளைகளின் நேரமும் இந்த நோட்டில் ஏற வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவருக்கு அன்றைய பாடமும் இல்லையென்றால் நாளைய வீட்டுப்பாடத்தை எப்படி எழுதுவார்? உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. தாமதமாக வந்தவர் பெயரை எழுதிவிட்டு நேராக உள்ளே வரட்டும். காரணத்தை இன்டர்வெல்லில் கேளுங்கள். முதல் பஸ்ஸே எட்டே முக்காலுக்குத்தான் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

ஆறாம் படி: ஒத்திகைகள்

கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா எல்லாமே பிள்ளைகளுக்கு வேண்டியவைதான். அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒத்திகை தினமும் அதே மூன்றாம் பீரியடில் நடந்தால் ஒரே பாடம் மாதக்கணக்கில் விட்டுப்போகும். இன்று மூன்றாவது, நாளை ஐந்தாவது என்று மாற்றச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: திரும்பி வந்ததும்

ஐந்து நிமிடம் வெளியே போன பிள்ளை, எங்கே நடத்துகிறோம் என்று கண்டுபிடிக்க இன்னும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். பலகையின் ஓரத்தில் பக்க எண்ணையும் கணக்கு எண்ணையும் எப்போதும் எழுதி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் விரலால் காட்டினால் போதும் என்று பழக்குங்கள்.

ஒரு மாதம் கழித்து

மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள், இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் குறைந்திருக்காது. மதியத்துக்கு மேல் மட்டும் நேரம் கூடியிருந்தால், தொட்டித் தண்ணீர் தீர்ந்துபோய் பிள்ளைகள் தெருக்குழாய்க்குப் போகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நோட்டோடு போய்ச் சொல்லுங்கள், தீர்மானத்திலும் எழுதச் சொல்லுங்கள்.