ஜெட் ஸ்கி பிடிக்கவில்லையா? பிளக் வாங்க ஓடமுதல் அதன் தொப்பியைக் கழற்றுங்கள்

மே மாதம் பிறந்தால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் இந்தக் கதைதான். பனிக்காலம் முழுக்கக் கராஜில் கிடந்த ஜெட் ஸ்கி சுத்துகிறது, பிடிக்கவில்லை. அல்லது வீட்டு வாசலில் வடிவாக ஓடும், சிம்கோ ஏரியில் இறக்கி த்ரொட்டிலை அமத்தினதும் இருமும். உடனே இரண்டு ஸ்பார்க் பிளக் வாங்கிப் போடுவார்கள். கொஞ்சம் ஓடும், பிறகு பழையபடிதான்.

இங்கே சொல்வது ரோட்டாக்ஸ் 717, 787 எஞ்சின் உள்ள பழைய சீ-டூ போன்ற இரண்டு சிலிண்டர் 2-ஸ்ரோக் வண்டிகளுக்கு. 4-ஸ்ரோக் வைத்திருப்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

பற்றறியில் கனநேரம் மினக்கெட வேண்டாம், ஒருக்கா அளந்தால் போதும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ற் இருக்க வேண்டும். ஸ்ரார்ட்டர் சுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றறியைக் கவனியுங்கள். டெஸ் என்ற மின்னணுத் திருட்டுத்தடுப்புப் பூட்டு உள்ள சீ-டூவில் திறப்புக் கயிற்றைக் கொழுவினதும் இரண்டு சின்ன பீப் வரும். அது வராவிட்டால் பிரச்சினை பிளக்கில் இல்லை.

1. சீற்றைக் கழற்றிக் காற்றோட விடுங்கள்

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, வண்டியின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். நீங்கள் செய்யப்போவது அதற்குள் பொறி விடுகிற வேலை. மூக்கில் பெற்றோல் மணம் இருக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

இந்த எஞ்சின்களுக்குரிய என்ஜிகே நிறுவனத்தின் பிஆர்8ஈஎஸ் பிளக்குக்கு 20.8 மி.மீ. சொக்கற் வேண்டும். உள்ளே றப்பர் உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் பிளக் நழுவி விழுந்து பீங்கான் வெடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. எந்தப் பிளக் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வையுங்கள்.

நுனி வெளிர்மண்ணிறம் என்றால் நல்லது. கறுத்து ஒயில் பூசியபடி ஈரமாக இருந்தால் எரியவில்லை என்று அர்த்தம், காரணம் பொறியாகவும் இருக்கலாம், பெற்றோல் கூடினதாகவும் இருக்கலாம். வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறுகிறது, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். தண்ணீர்த் துளி நின்றால் இந்தப் பதிவு உதவாது. தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்று முதலில் தேடுங்கள்.

3. பொறி இருக்கிறதா?

பிளக் ஓட்டைகளைத் துணியால் மூடுங்கள். சுத்தும்போது அந்த ஓட்டைகளால் பெற்றோல் பனிபோலச் சீறும், பொறி விடும் பிளக் அதற்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டு தொப்பிகளும் (வயர் நுனியில் இருந்து பிளக்கின் தலையில் மாட்டுபவை) எப்போதும் எர்த்தில், அதாவது எஞ்சின் உலோகத்தோடு தொடுகையில், இருக்க வேண்டும். பல சீ-டூக்களில் மின்பெட்டியிலேயே இதற்கென இரண்டு குமிழ்கள் உண்டு. வயரை அந்தரத்தில் விட்டுச் சுத்தினால் சிடிஐ பெட்டி (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) போய்விடலாம். அதன் விலையோடு பார்த்தால் பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை.

பிளக்கை எஞ்சினில் தொடவைத்துப் பொறி பார்ப்பதை நான் நம்புவதில்லை. திறந்த வெளியில் அரை மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ற் தேவையில்லை, சிலிண்டருக்குள் அமுக்கத்தில் கனக்க வேண்டும். இடைவெளியைத் திருகிக் கூட்டக்கூடிய ஸ்பார்க் ரெஸ்ரர் வாங்குங்கள். 6 மி.மீ. தாண்டி நீலமாக 'டக்' என்று அடித்தால் கொயிலில் (பொறிக்கு உயர் வோல்ற் தரும் சுருளில்) குறையில்லை. மற்றத் தொப்பியையும் அதே நேரம் எர்த் பண்ண மறக்காதீர்கள். பல்ப் மினுங்குகிற மலிவு ரெஸ்ரர் பொறி இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே சொல்லும், அதன் பலத்தைச் சொல்லாது.

4. தொப்பி (இதை அவசரப்படாமல் செய்யுங்கள்)

எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது இதுதான். இந்த எஞ்சின்களில் ஒரே கொயில், அதன் இரண்டு முனையும் இரண்டு பிளக்குக்குப் போகும், இரண்டும் ஒரே நேரம் பொறி விடும். அதனால் ஒரு தொப்பி கெட்டால் மற்றச் சிலிண்டரும் திணறும். ஆளுக்காள் பிளக்கை மாற்றிப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

தொப்பி வயரில் செருகியதல்ல, திருகியது. உள்ளே மர ஆணி போன்ற கூர் வயரின் செம்புக்குள் இறங்கியிருக்கும். வயரை அசையாமல் பிடித்துக்கொண்டு தொப்பியை இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். வயர் நுனியைப் பாருங்கள். செம்பு பச்சை பிடித்தோ கறுத்து மாவாகியோ இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

அரை சென்ரிமீற்றர் மட்டும் வெட்டுங்கள். பல கொயில்களில் வயர் சேர்த்தே வார்த்திருக்கும், வெட்டிக்கொண்டே போனால் கொயிலைத்தான் மாற்ற வேண்டிவரும். செம்பு பளிச்சென்று தெரிந்தால் போதும். தொப்பியின் இரண்டு முனைக்கும் மல்ரிமீற்றரை வையுங்கள், 5 கிலோஓம் கிட்ட வரும். அளந்துகொண்டே தொப்பியை ஆட்டுங்கள். எண் துள்ளினால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். இறுகும்வரை திருகிப் போட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

சரியாகப் பூட்டினோமா என்று அறிய ஒரு வழி: தொப்பிகள் இல்லாமல் வயருக்கு வயர் அளந்து குறித்து வையுங்கள். இரண்டையும் பூட்டிப் பிறகு தொப்பிக்குத் தொப்பி அளந்தால் சுமார் 10 கிலோஓம் கூடியிருக்கும். அதைவிட எக்கச்சக்கம் என்றால் ஏதோ ஒரு கூர் செம்பைத் தொடவில்லை.

5. பிளக் போடுவது

இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ., கம்பி அளவியால் பாருங்கள். பெயரில் உள்ள 8 சூட்டு எண், என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டைக் கெதியாக வெளியேற்றும். அடிக்கடி கறுக்கிறது என்று 7 போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். தண்ணீரில் ஓடும் வண்டிக்குக் கார் போல உருண்டு ஓய்வெடுக்கும் நேரம் கிடையாது, அதனால் குளிர்ந்த பிளக்தான் வேண்டும். கையால் முட்டும்வரை திருகி, பிறகு சாவியால் சுமார் அரைச் சுற்று. பழைய பிளக் என்றால் எட்டில் ஒரு சுற்றே போதும்.

வாசலில் ஓட்டிப் பார்க்கும்போது ஒழுங்கு முக்கியம்: எஞ்சின் பிடித்த பிறகே குழாய்த் தண்ணீரைத் திறக்க வேண்டும், தண்ணீரைப் பூட்டிய பிறகே எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். மாறிச் செய்தால் புகைவழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும்.

பிறகு சேர்த்தது: எல்லாம் செய்தும் ஏரியில் நின்று நின்று ஓடுகிறது என்று ஒருவர் எழுதினார். அவருடைய பிளக்கின் தலைக்குமிழ் திருகு வகை, அதிர்ந்து தளர்ந்திருந்தது. குமிழ் ஒரே துண்டாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். திருகு வகைதான் கிடைத்தால் குறட்டால் இறுக்கிவிட்டுப் போடுங்கள்.

4-ஸ்ரோக்காரருக்கு: உங்களுக்குப் பெரும்பாலும் தொப்பி வயர் வேலை இல்லை, பல வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் கொயில் இருக்கும். சந்தேகமான கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள், இருமலும் கூடவே போனால் அதுதான் கள்ளன். கொயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் காற்றடியுங்கள், அங்கே நிற்கும் உப்புத்தண்ணீரும் மண்ணும் பிளக்கைக் கழற்றியதும் நேரே எஞ்சினுக்குள் விழும். யமஹா விஎக்ஸின் 1,052 சிசி எஞ்சினுக்கு சிஆர்9ஈபி, இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. சீ-டூவின் 1,503 சிசி 4-டெக் (4-ஸ்ரோக்) எஞ்சினுக்கு டிசிபிஆர்8ஈ, 0.75 மி.மீ. பெற்றோல் கூடி நனைந்துவிட்டால் 4-டெக்கில் த்ரொட்டிலை முழுதாக அமத்திப் பிடித்த பிறகு ஸ்ரார்ட்டை அமத்துங்கள். அப்போது பெற்றோலும் பொறியும் நின்று எஞ்சின் சும்மா சுத்திக் காயும். ஸ்ரார்ட்டரை இடையிடையே ஓய விட்டு விட்டுச் சுத்துங்கள், ஒரேயடியாக அமத்தினால் அதுவும் வெந்துபோகும்.