எண்ணூர் கழியில் தூண்டில் போடும் முன் இடம் பார்ப்பது எப்படி?

தூண்டில் வாங்கிய புதிதில் மூன்று ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, ஒரு நாளு தூண்டில் இல்லாம வா. தண்ணி வத்துற நேரத்துல வந்து பாரு." அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நேரம். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும், இடம் பார்க்க அதுதான் தோது. சென்னைத் துறைமுகத்தில் கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். கழிக்குள் கொஞ்சம் தாமதமாகவே வற்றும்.

அப்புறம் கரையோரமாக நடங்கள். கெட்டியான ஷூ கட்டாயம், சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்துவிடும். எல்லா இடமும் வற்றிய பிறகும் ஒரு கோடாகத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தைத் தேடுங்கள். நீர் ஏறும்போது மீன் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். பள்ளத்தின் ஓரத்தில் சிப்பிக் கொத்தோ பழைய கட்டையோ இருந்தால் இன்னும் நல்லது, கொடுவா மீன் அதன் மறைவில் காத்திருக்கும். மணல் தரை என்றால் கிழங்கான் மீன் வரும். மடவை துள்ளுகிறதே என்று ஆசைப்படாதீர்கள், அது சேற்றுப் படிவைச் சுரண்டித் தின்னும் மீன், தூண்டிலுக்கு லேசில் வராது. ஆனால் அதைத் தின்னக் கொடுவா வரும்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த தரை, மிதித்தால் மாவுபோல் நழுவும். நான் பார்த்த வரை அங்கே ஒரு நண்டு வளைகூட இல்லை. மனசு கனத்துப்போகும். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பள்ளத்தைப் படம் எடுக்கும்போது பின்னால் புகைபோக்கியோ பாலமோ தெரியும்படி எடுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அந்த அடையாளம்தான் கைகொடுக்கும்.

வலை கட்டியிருக்கும் இடத்தில் மீனவர்களைக் கேட்காமல் நிற்கக் கூடாது, அது அவர்கள் பிழைப்பு. மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் இங்கேதான் வந்து சேரும், அந்த நாட்களில் போகவே வேண்டாம்.

சரி, மறுநாள் தூண்டிலோடு போங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் இறாலை முள்ளில் கோத்து, பள்ளத்தின் வாயில் போடுங்கள்.