மலையக வீட்டுக்கு ஏற்ற, செலவுக்குக் கட்டுப்படியாகும் வெப்பப் பம்பியைத் தெரிவு செய்வது எப்படி?

நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா போன்ற உயரமான இடங்களில் குழாயைத் திறந்தால் வரும் நீர் ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுடன் இருக்கும். மின்சார ஹீற்றர் வைத்திருக்கும் குடும்பங்களில், குளியலுக்காக அந்த நீரைச் சூடாக்கும் செலவே மின்பட்டியலின் பெரும்பகுதியாகிவிடுகிறது. கடைகளில் ஹீட் பம்ப் என்ற பெயரில் விற்கப்படும் வெப்பப் பம்பி அந்தச் செலவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வல்லது. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பொருளன்று. பொருந்தும் வீட்டிலும், சமவெளியின் வெப்பநிலைக்கு எழுதப்பட்ட விபரப்பத்திரத்தை நம்பி வாங்கினால், மலையில் அது சொன்னபடி வேலை செய்யாது.

தாங்கியோடு வரும் சாதாரண மின்சார ஹீற்றரான கீசர் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது; ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பத்துக்கு மேல் அதனால் தர முடியாது. வெப்பப் பம்பியோ குளிர்சாதனப் பெட்டி செய்யும் வேலையை மறுபக்கமாகச் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தைக் குளிரூட்டி வாயு உறிஞ்சிக்கொள்ள, கொம்பிரசர் அதை அமுக்கி மேலும் சூடேற்ற, அந்தச் சூடு தாங்கியிலுள்ள நீருக்குக் கைமாறுகிறது. மின்சாரம் கொம்பிரசரையும் விசிறியையும் ஓட்டுவதற்கு மட்டுமே செலவாவதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டரை முதல் நான்கு அலகு வரை வெப்பம் கிடைக்கிறது. இந்த விகிதத்தையே பத்திரத்தில் சி.ஓ.பி. என்று அச்சிடுகிறார்கள்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் கடந்த சில மாதங்களின் மின்பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சுடுநீரில் குளிக்கிறார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.186 கிலோஜூல் சக்தி வேண்டும். ஓர் அலகு மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். நான்கு பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 150 லீற்றர் நீரை 15 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 6.1 அலகு வெப்பம் தேவைப்படும். தாங்கியிலிருந்து கசிந்து போகும் வெப்பத்தையும் சேர்த்தால், கீசருக்கு நாளொன்றுக்கு ஏழு அலகு செலவாகும். அதே வேலையை சி.ஓ.பி. விகிதம் 2.8 ஆகவுள்ள வெப்பப் பம்பி இரண்டரை அலகில் முடித்துவிடும். மாதத்துக்கு ஏறத்தாழ 135 அலகு மிச்சம்.

இந்த மிச்சத்தின் பெறுமதி இலங்கையின் படிமுறை மின்கட்டணத்தில்தான் தெரியும். வீட்டுப் பாவனை கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறுகிறது. 180 அலகைத் தாண்டிய பின் வரும் ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த விலைக்கு உரியது. எனவே மாதம் 230 அலகு பாவிக்கும் குடும்பம் 95 அலகுக்கு இறங்கும்போது குறைவது விலை கூடிய அலகுகளே. நிலையான கட்டணமும் அதனோடு குறைகிறது. சராசரி விலையை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இலாபத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பழைய பட்டியலுக்கும் குறைந்த பாவனைக்கு வரக்கூடிய பட்டியலுக்கும் இடையிலான வித்தியாசத்தை மாத மிச்சமாகக் கொள்ளுங்கள். வெப்பப் பம்பிக்கும் சாதாரண கீசருக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை அதனால் வகுத்தால், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரியும். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பினால் தயங்காமல் வாங்கலாம் என்பதும், ஏழு ஆண்டைத் தாண்டினால் வேண்டாம் என்பதும் என் கருத்து.

மாதம் அறுபது அலகுக்குள் பாவிக்கும் லயன் வீட்டுக்கும், விறகடுப்பின் சூட்டிலேயே பெரிய பானையில் நீர் வைக்கும் குடும்பத்துக்கும் இந்த இயந்திரம் தேவையில்லை. அதை எவர் தவணை முறையில் தர முன்வந்தாலும் கடனாக மட்டுமே மிஞ்சும். இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டிலும் உடனடி ஷவர் ஹீற்றரே போதுமாகலாம். ஐந்து கிலோவோட் ஹீற்றரில் இருவரும் ஐந்து நிமிடம் குளித்தால் ஓர் அலகுகூடச் செலவாகாது. அதன் குறை வேறு: 15 பாகை நீரை 38 பாகைக்கு உயர்த்தும்போது நிமிடத்துக்கு மூன்று லீற்றர் அளவே அதிலிருந்து வரும், அதாவது குளிரில் நடுங்கிக்கொண்டு மெல்லிய ஒழுக்கின் கீழ் நிற்க வேண்டியிருக்கும். முதியவர்களும் குழந்தைகளும் உள்ள கூட்டுக் குடும்பம், அறைகளை வாடகைக்கு விடும் வீடு, சிறு விடுதி ஆகியவற்றுக்கே வெப்பப் பம்பி உண்மையான இலாபம் தரும்.

சூரிய சுடுநீர் ஹீற்றரையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்ப்பது நியாயம். பண்டாரவளை, வெலிமடை போன்ற ஊவாப் பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் பெரும்பாலும் வெயிலாகக் கழிவதால் அது நன்றாக வேலை செய்யும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்திலோ அதே ஜூன், ஜூலை மாதங்களில் மழையும் மூடுபனியும் நாள்கணக்கில் விலகுவதில்லை. சூடு மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில் சூரிய ஹீற்றர் உள்ளிருக்கும் மின்சாரக் கொயிலை நம்பியே ஓடும். வெப்பப் பம்பிக்கு வெயில் வேண்டியதில்லை.

விபரப்பத்திரத்தில் பார்க்க வேண்டியது

பெரிய எழுத்தில் சி.ஓ.பி. 4.2 என்று அச்சிட்டிருந்தால், அது எந்த வெளிக்காற்று வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் 20 பாகையாக இருக்கும். கண்டியில் அது பொருந்தும். பதுளையிலும் பெரும்பாலும் பொருந்தும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரியோ 16 பாகை அளவானது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படியும் அளவுக்கு இறங்கும். ஆகவே 7 பாகையில் அளந்த விகிதத்தைத் தரும்படி கேட்க வேண்டும். அந்த எண் இரண்டரைக்குக் கீழே இருந்தாலோ, விற்பவரால் அதைக் காட்டவே முடியாவிட்டாலோ, அந்த மாதிரியை நுவரெலியாவுக்கு வாங்காதீர்கள். ஹட்டன், பண்டாரவளை போன்ற 1,200 மீற்றர் அளவான ஊர்களில் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

உறைபனியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மலைக்காற்று ஈரமானது, அந்த ஈரம் வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சும் சுருளில் படிந்து நீராகும்போது கூடுதல் வெப்பத்தைத் தருவதால் மூடுபனி இயந்திரத்துக்குப் பகையல்ல. ஆனால் காற்று ஐந்து பாகை அளவுக்கு இறங்கினால் சுருள் பூச்சியத்துக்குக் கீழே சென்று, படிந்த நீர் பனிக்கட்டியாகிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். தானாகவே அப்பனியை உருக்கும் வசதி இருக்கிறதா என்பதை எழுத்தில் பெறுங்கள். சமவெளிக்கென்று தயாரிக்கப்படும் மலிவான மாதிரிகளில் இது இல்லாமல் இருக்கக்கூடும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் விசிறி இழுக்கும் காற்றின் நிறையும் குறைகிறது. குறித்த கொள்ளளவைவிடச் சற்றுக் கூடிய இயந்திரத்தை எடுப்பது அதனால் வீண்செலவாகாது.

பெரும்பாலானவற்றில் துணைக்கு ஒரு மின்சாரக் கொயிலும் இருக்கும். அது தானாகவே ஓடத் தொடங்கினால் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய சிக்கனம் முழுவதும் போய்விடும். அதைத் தனியாக நிறுத்தி வைக்க முடிய வேண்டும். நேரக்கட்டுப்பாடும் அவசியம். காற்று மிகவும் சூடாக இருக்கும் முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை இயக்கினால், இரவில் இயக்குவதைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே நீர் சூடாகும். ஒன்றரை முதல் இரண்டு கிலோவோட் வரை வெப்பம் தரும் இயந்திரத்துக்கு நான்கு பேரின் நீரைச் சூடாக்க அந்த நான்கு மணிநேரம் பெரும்பாலும் போதும். மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும் உச்ச நேரத்தில் வலையமைப்புக்குச் சுமை ஏற்றாமலும் இருக்கலாம்.

குளிரூட்டி வாயுவில் ஆர் 32, ஆர் 290, ஆர் 410 ஏ, ஆர் 134 ஏ ஆகியவற்றைச் சந்தையில் காணலாம். இவற்றுள் ஆர் 290 புரொப்பேன். சூழலுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்வது, ஆனால் தீப்பற்றக்கூடியது என்பதால் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும். பாவித்த பொருளாக வரும் ஆர் 22 இயந்திரங்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி அந்த வாயு 2030ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய முற்றாக நிறுத்தப்படுகிறது. வெளிநாட்டில் பாவித்து இறக்குமதியானவற்றில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று பெயர்த்தகட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

தாங்கியும் நீரழுத்தமும்

நான்கைந்து பேருக்கு 150 முதல் 200 லீற்றர் தாங்கி போதும்; பெரிதாக எடுத்தால் விலையும் வெப்ப இழப்பும் கூடும். எனமல் பூச்சிட்ட இரும்புத் தாங்கியானால் அதற்குள் இருக்கும் மக்னீசியக் கோலை ஆண்டுக்கொரு முறை பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். செலவு சிறியது, தவறினால் தாங்கியே துருப்பிடித்துவிடும். ஊற்று நீர் பாவிப்பவர்கள் மழைக்காலத்தில் வரும் மண்ணையும் மணலையும் தடுக்க நுழைகுழாயில் வடிகட்டி ஒன்றைப் போட வேண்டும்.

மலையில் பலர் கவனிக்காமல் விடுவது அழுத்தத்தை. நீர் ஒவ்வொரு பத்து மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தருகிறது. தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேற்பிரிவில், உள்ள ஊற்றுத் தொட்டி உங்கள் கூரையைவிட எழுபது மீற்றர் உயரத்தில் இருந்தால், குழாய் அடைத்திருக்கும் நேரத்தில் ஏழு பார் அழுத்தம் தாங்கியின் மேல் நிற்கும். பல தாங்கிகளின் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும் அளவு அது. அழுத்தம் குறைக்கும் வால்வைப் பொருத்துங்கள், அல்லது கூரைத் தொட்டியில் நிரப்பி அங்கிருந்து இறக்குங்கள். பாதுகாப்பு வால்வின் வாயை ஒழுகுகிறது என்று எவரும் அடைத்துவிட ஒருபோதும் இடமளிக்க வேண்டாம், அது உயிராபத்து. நீரை வழக்கமாக 50 பாகையில் வைத்து, வாரம் ஒருமுறை 60 பாகைக்கு ஏற்றுவது, வெதுவெதுப்பான தாங்கியில் பெருகக்கூடிய லெஜியோனெல்லா கிருமியைத் தடுக்கும்.

இயந்திரம் குளிர்காற்றை வெளியே தள்ளும். ஆகவே அதை மூடிய சிற்றறையிலோ, படுக்கையறை யன்னலுக்கு நேரேயோ வைக்காமல், மழைச்சாரல் படாத காற்றோட்டமான சுவரோரம் வையுங்கள். 200 லீற்றர் தாங்கி நிரம்பினால் 250 கிலோவை நெருங்கும் என்பதால் கொங்கிறீற் தளம் வேண்டும். தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், சரியான புவித்தொடுப்பு ஆகிய மூன்றையும் தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு செய்யுங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னல் இலத்திரனியல் தட்டை எரித்துவிடக்கூடும். மின்னெழுச்சிக் காப்பு ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

அறையைச் சூடாக்க விரும்பினால்

இதற்கு இன்வேர்ட்டர் ஏசியே வெப்பப் பம்பியாகும். ஆனால் இலங்கையில் விற்பவற்றில் பெரும்பாலானவை குளிரூட்ட மட்டுமே தெரிந்தவை. ரிமோட்டில் சூரியக் குறி இருப்பதை நம்பாதீர்கள். ஒரே ரிமோட்டைப் பல மாதிரிகளுக்கும் தருகிறார்கள். வெளிப்பெட்டியின் பெயர்த்தகட்டில் சூடாக்கும் கொள்ளளவு தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னதாகக் கூரையைப் பாருங்கள். 120 சதுர அடி அறையொன்றின் வெறுந்தகரக் கூரை வழியாக, உள்ளும் வெளியும் பத்துப் பாகை வித்தியாசம் இருக்கும்போது, ஏறத்தாழ 750 வோட் வெப்பம் வெளியேறும். சீலிங் அடித்தால் அது பாதிக்கும் குறைவாகும். சீலிங்கின் மேல் இரண்டு அங்குல இழைக்காப்பு விரித்தால் நூறு வோட்டுக்கும் கீழே வந்துவிடும். கூரையையும் கதவிடுக்கையும் அடைத்த அறைக்கு 9,000 பி.ரி.யு. (ஏசியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) போதும், அடைக்காத அறையில் சூடு வேகமாக வெளியேறிவிடும். பணம் குறைவாக இருந்தால் முதலில் சீலிங்குக்கே செலவிடுங்கள். மூடிய அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்வதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

விலைப்பட்டியல் கேட்கும்போது

குறைந்தது மூன்று இடங்களில் எழுத்து மூலமான விலைப்பட்டியல் பெறுங்கள். பொருத்தும் கூலி, குழாய்க் காப்பு, மலைக்கு ஏற்றும் வண்டிக் கூலி, வால்வுகள், மின்னிணைப்பு ஆகியன அதில் அடங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இயந்திரத்தின் விலையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. கொம்பிரசருக்கும், தாங்கிக்கும், இலத்திரனியல் தட்டுக்கும் உத்தரவாதக் காலம் வெவ்வேறாக இருக்கும். பழுது வந்தால் எங்கிருந்து ஆள் வருவார், கண்டியிலிருந்தா கொழும்பிலிருந்தா, உத்தரவாதக் காலத்தில் அவருடைய பயணச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். கண்டியிலோ ஹட்டனிலோ திருத்துநர் இருக்கும் நிறுவனத்தின் இயந்திரம் பத்து வீதம் விலை கூடியதாக இருந்தாலும் நான் அதையே தெரிவு செய்வேன், ஏனெனில் டிசம்பர் குளிரில் இரண்டு வாரம் சுடுநீரின்றி ஒரு கைக்குழந்தையுடன் காத்திருப்பதன் விலை அந்தப் பத்து வீதத்தைவிடப் பெரியது.