முன்னோட்டப் பதிப்பில் அறுந்துபோன வைஃபை: என் அனுபவம்

புதிய விண்டோஸ் இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பை, அதாவது வெளியிடுமுன் சோதித்துப் பார்க்க விடும் பதிப்பை, போட்டதிலிருந்து என் மடிக்கணினியில் வைஃபை ஒரு இடத்தில் நிற்கவில்லை. மூடியை மூடித் திறந்தால் போதும், பட்டியலில் வீட்டு இணைப்பே இருக்காது. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அதே ரவுட்டரில் தங்கையின் போன் ஒழுங்காக ஓடியது.

கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிந்த தம்பி ஒருவரிடம் காட்டினேன். "அண்ணை, கார்ட்டில ஒண்டும் பிழை இல்ல, டிரைவரைப் பாருங்கோ" என்றார். டிரைவர் என்பது வைஃபை கார்ட்டை இயக்கும் மென்பொருள். புதுக் கார்ட் ஒன்றை விற்றிருக்கலாம்; விற்கவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் வைஃபை கார்ட், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் தாவல். தேதியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது: அப்டேட்டோடு டிரைவரும் மாறியிருந்தது. 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தினேன், பழையது வந்தது. அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால், திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் டேட்டாவில் மடிக்கணினிக்கு இணையம் எடுத்து, மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நிலையான டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பவர் மேனேஜ்மென்ட் தாவல். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கருவியை அணைக்கலாம் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் இணைப்பு அறுவது இதற்குப் பிறகுதான் முழுதாக நின்றது. சில புதிய மடிக்கணினிகளில் இந்தத் தாவல் இருக்காது.

கார்ட்டின் மாடலையும் டிரைவர் எண்ணையும் குறிப்பிட்டுப் பிழையை அறிவித்தும் விட்டேன். முன்னோட்டம் விடுவதே அதற்காகத்தானே! முன்னோட்டத்தின் அடுத்த பில்ட் (புதுப்பித்த பதிப்பு) வந்து டிரைவர் மறுபடி மாறினால், ரோல் பேக்கைத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.