கப்போர்டு: ஒரு வீட்டுச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியோ பாத்திரமோ புத்தகமோ உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடக்கூடிய வீட்டுப் பொருளை ஆங்கிலம் ‘கப்போர்டு’ என்கிறது. கோப்பையைக் குறிக்கும் ‘கப்’பும் பலகையைக் குறிக்கும் ‘போர்டு’ம் அதற்குள் வெளிப்படையாகவே தெரிவதால், இதன் பிறப்பைச் சொல்வதற்கு அகராதியே வேண்டாம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பார்த்தவுடன் இரண்டாகப் பிரிந்துவிடும் இத்தகைய சொற்களில்தான் தவறுகள் மிகுதியாக நேர்கின்றன.

முதல் தவறு, பிரித்த பகுதிகளுக்கு இன்றைய பொருளைக் கொடுத்துவிடுவது. ‘கோப்பைகளை அடுக்குவதற்குப் பலகைத் தட்டுகள் பொருத்திய பெட்டி’ என்று விளக்கினால் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது அதற்குப் பெட்டி என்ற பொருளும் இல்லை, கதவும் இல்லை. கோப்பைகளையும் பிற கலங்களையும் பரப்பி வைக்கும் மேசைக்குத்தான் அந்தப் பெயர். செல்வர் வீடுகளில் வெள்ளிக் கலங்களும் பொற்கலங்களும் விருந்தினர் கண்ணில் படும்படி அதன்மீது வைக்கப்பட்டன. பொருளை மறைத்து வைப்பதற்கு அல்ல, எடுத்துக் காட்டுவதற்கே அது பயன்பட்டது. தட்டுகளும் கதவுகளும் கொண்டு, உணவுப் பொருள் முதலியவற்றைப் பூட்டி வைக்கும் அடைப்பான அமைப்பை இச்சொல் குறிக்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில்தான்.

இங்கே ‘போர்டு’ என்ற பகுதியிடம் சற்று நின்று பார்ப்பது நல்லது. பழைய ஆங்கிலத்தில் அது பலகையைக் குறித்தது; பலகையைத் தாங்கிகள்மீது வைத்தால் மேசை ஆகும் என்பதால் மேசையையும் குறித்தது; மேசையில் பரிமாறப்படுவது உணவு என்பதால் உணவுக்கும் பெயரானது; மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுப்பவர்களின் குழுவையும் குறித்தது. ‘போர்டிங் ஸ்கூல்’ என்பதில் உள்ள போர்டு இந்த உணவுதான். மாணவருக்குச் சாப்பாடு போட்டு வைத்துக்கொள்ளும் பள்ளி என்பதே அதன் அடிப்படை. நிறுவனங்களின் ‘போர்டு மீட்டிங்’கில் இருப்பது மேசையைச் சுற்றிய குழு. அப்படியானால் ‘போர்டிங் பாஸ்’ என்பதற்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், இல்லை. அங்கே வருவது கப்பலின் பக்கவாட்டைக் குறித்த ‘போர்டு’. கப்பலில் ஏறுவதைக் குறித்த அந்த வழக்கு, பிறகு விமானத்துக்கும் வந்து சேர்ந்தது. எழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரே கதையை எல்லா இடத்திலும் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் தேட மாட்டேன்.

இரண்டாவது தவறு எழுத்தை நம்பி ஒலியை முடிவு செய்வது. ஆங்கிலம் பேசும்போது ‘கப்’ என்றும் ‘போர்டு’ என்றும் இரண்டையும் அழுத்திச் சொல்வது பிழை. ‘கப்’பின் இறுதியில் உள்ள வல்லொலி, அடுத்து வரும் மெல்லிய பகர ஒலியோடு கலந்து மறைந்துவிட்டது, பின்பகுதியின் நெடிலும் தேய்ந்துவிட்டது. ‘மரம்’, ‘கள்’ என்ற இரண்டும் சேரும்போது மகரம் ஙகரமாகி ‘மரங்கள்’ என்று வருவதை அறிந்த நமக்கு, அடுத்தடுத்த ஒலிகள் ஒன்றையொன்று தன்வயப்படுத்திக்கொள்வது புதிய செய்தி அல்ல. இதற்கு ஆங்கிலச் சிறுவர் பாடல் ஒன்றே சாட்சி சொல்கிறது. 1805இல் லண்டனில் அச்சான ‘ஓல்டு மதர் ஹப்பர்டு’ பாடலில், ஹப்பர்டு என்ற கிழவியின் பெயருக்கு எதுகையாக நிற்கும் சொல் கப்போர்டுதான். எழுத்துப்படி உச்சரித்தால் அந்த எதுகை குலைந்துவிடும். தமிழில் எழுதும்போது ‘கப்போர்டு’ என்ற வடிவம் நிலைபெற்றுவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும், ‘கபடு’ என்ற நம் சொல்லின் ஒலிக்குப் பக்கத்தில் வரும்படி சொன்னால் போதும்.

அந்த ஒலி ஒற்றுமையே மூன்றாவது தவறுக்குக் கதவைத் திறக்கிறது. கபடு என்பது மனத்தில் உள்ளதை மறைத்தல். கப்போர்டு என்பது பொருளை மறைத்து வைக்கும் இடம். எனவே இது அதிலிருந்து போயிருக்கும் என்று ஒருவர் சொன்னால், ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதால் நம்பத் தோன்றும். ஆனால் காலத்தை வைத்துப் பார்த்தால் இது ஒரு கணமும் நிற்காது. சொல் பிறந்தபோது அந்தப் பொருள் மறைக்கும் பொருளாகவே இல்லை. ஒலியும் பிற்காலத்தில் தேய்ந்து வந்த ஒலி. இன்றைய ஒலியையும் இன்றைய பொருளையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேர்ச்சொல் கூறுவோர் எல்லாரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஒரு சொல் முதலில் எந்த ஆண்டில், எந்த எழுத்து வடிவத்தில், எந்தப் பொருளில் பதிவாகியிருக்கிறது என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுக் குறிப்போடு மேற்கோள்களை வரிசைப்படுத்தியது இதற்காகவே.

மொழிபெயர்ப்புச் சொல்லுக்கும் மூலச் சொல்லின் கதையையே ஏற்றிவிடுவது இன்னொரு பிழை. அலமாரி, பீரோ, கப்போர்டு மூன்றையும் நாம் ஏறக்குறைய ஒரே பொருளுக்கு வழங்கினாலும் மூன்றின் பிறப்பும் வேறு. அலமாரி போர்த்துக்கீசிய ‘அர்மாரியோ’விலிருந்து வந்தது, அதன் லத்தீன் வேர் ஆயுதங்களையும் கருவிகளையும் வைக்கும் இடத்தைச் சுட்டுகிறது. பீரோவின் மூலமான பிரெஞ்சுச் சொல், எழுதும் மேசைமேல் விரிக்கப்பட்ட முரட்டுக் கம்பளித் துணியில் தொடங்கி, மேசைக்கும் அலுவலகத்துக்கும் பெயரானது.

பிறப்புப் பொருளே ‘சரியான’ பொருள் என்று வாதிடுவதும் வேண்டாம். கோப்பை இல்லாத கப்போர்டு கப்போர்டே. அதேபோல, பிரிட்டனில் எந்த அடைப்புக்கும் பொதுவாக வழங்கும் இச்சொல், அமெரிக்காவில் பெரும்பாலும் சமையலறை அடைப்பையே குறிக்கிறது. துணி வைக்கும் இடம் அங்கே ‘க்ளாசெட்’.

பழைய நூல்களை வாசிப்பவர்கள், குறிப்பாக மொழிபெயர்ப்பவர்கள், கவனிக்க வேண்டியது, பிறப்புப் பொருளையே பிடித்துக்கொள்வதற்கு நேர் எதிரான பிழை: இன்றைய பொருளைப் பழைய நூலின்மேல் ஏற்றிவிடுவது. 1590களில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில், முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில், விருந்துக் கூடத்தை ஒழுங்கு செய்யும் பணியாள் முக்காலிகளை அப்புறப்படுத்து, ‘கோர்ட் கப்போர்டை’ நகர்த்து, ‘பிளேட்டை’ப் பார்த்துக்கொள் என்று அவசரப்படுத்துகிறான். கப்போர்டை அலமாரி என்றும் பிளேட்டைத் தட்டு என்றும் எழுதினால், கதவு பூட்டிய அலமாரியை யாரோ தள்ளுவதாகவும் சாப்பிட்ட தட்டு ஒன்று கீழே கிடப்பதாகவும் வாசகர் நினைத்துக்கொள்வார். அங்கே இருப்பது திறந்த தட்டுகள் கொண்ட ஒரு காட்சி மேசை. பிளேட் என்பது அதன்மேல் விருந்தினருக்காக அடுக்கப்பட்ட வெள்ளிக் கலங்கள். அவன் கவலைப்படுவது அவற்றில் ஒன்றும் காணாமல் போய்விடக் கூடாதே என்றுதான்.