வகுப்பறைக்குள் கணினி: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கு டேப்லெட் வாங்கலாமா, ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா என்று கூட்டம் போட்டால், எத்தனை, என்ன விலை என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடுகிறது. வாங்கிக் கொடுத்தால் படிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்த திட்டத்தை, 319 கிராமப்புறப் பள்ளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 15 மாதங்களுக்குப் பிறகு பிள்ளைகள் கையில் கணினி இருந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் இல்லை.

இரண்டாவது தவறு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. கணினி எந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குஜராத்தில் ஞான் சாலா அமைப்பு நடத்திய பள்ளிகளில் ஒரே மென்பொருளை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். வகுப்பு நேரத்தில், ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாகக் கணினியில் உட்கார்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள். வகுப்பு முடிந்தபின் கூடுதலாகப் பயன்படுத்தியவர்கள் முன்னேறினார்கள். அந்தப் பள்ளிகளில் கற்பித்தல் ஏற்கெனவே நன்றாக இருந்தது. நல்ல பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணினியை வைத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். உங்கள் கால அட்டவணையில் எந்தப் பீரியடைக் கணினிக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் இதைப் பேசி முடியுங்கள்.

அடுத்தது, எல்லாருக்கும் ஒரே பாடத்தைத் திரையில் ஓட்டுவது. 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 376 என்று எழுதும் பிள்ளை ஏழாம் வகுப்பிலும் இருக்கிறது. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்கு இயற்கணித வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை ஆராய்ந்தபோது, ஆறாம் வகுப்பில் சராசரி மாணவரே கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் நிலையிலிருந்து தொடங்கவைத்தது. நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் கணிசமாக முன்னேறின.

இந்த ஆய்வைக் காட்டி மென்பொருள் போதும் என்று யாராவது விற்க வந்தால் நிதானியுங்கள். அங்கே ஒவ்வொரு 90 நிமிட வகுப்பிலும் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதியில் சிறு குழுவாக உட்காரவைத்து மனிதர்தான் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பாதி எவ்வளவு உதவியது என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

பலனை அளப்பதிலும் கவனம் வேண்டும். டெல்லி மாணவர்கள் ஆய்வாளர்கள் தனியாக வைத்த தேர்வில் முன்னேறியும் பள்ளியின் கணக்குத் தேர்வில் அது தெரியவில்லை. காரணம் எளிது: அவர்கள் கற்றது மூன்றாம், நான்காம் வகுப்புக் கணக்கு, பள்ளித் தேர்வு கேட்டதோ அவரவர் வகுப்புப் பாடத்தை. அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் திட்டம் தோல்வி என்று மூடியிருப்பார்கள். சரி, உடனடித் தேர்வு போதுமா என்றால் அதுவும் போதாது. வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், இருவருக்கு ஒரு கணினி என்று கணக்கு விளையாட்டுகள் ஆடி நன்றாக முன்னேறினார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது.